சாந்தோம் மாடியில் லத்தீன்: ஒரு வருஷம் மகளை அனுப்பிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

சென்னை மண்டைவெளியில் 22 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன ஜூனிலிருந்து என் மகள் சனிக்கிழமை தோறும் சாந்தோமில் ஒரு வீட்டு மாடிக்கு லத்தீன் படிக்கப் போகிறாள். இப்போது ஒன்பதாவது முடித்து பத்தாவதுக்குப் போகிறாள். கடைக்கு வருகிறவர்களில் நாலைந்து பேர் "அந்த கிளாஸ் எப்படி, நம்ம பிள்ளைய அனுப்பலாமா" என்று கேட்டுவிட்டார்கள். கல்லாவில் நின்றுகொண்டு இரண்டு வார்த்தையில் சொல்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நடத்துகிறவர் தன் பெயரும் தெருவும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சார் என்றே எழுதுகிறேன்.

லத்தீன் எங்கள் வீட்டுக்குள் வந்தது கடை வழியாகத்தான். அரைப்பரீட்சை லீவில் மகள் கடையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எழுதிய ஒரு மருந்துச் சீட்டைக் கையில் எடுத்து, "அப்பா, டி.டி.எஸ்.னா மூணு வேளைன்னு சொல்றீங்க. இதுல மூணு எங்க இருக்கு?" என்றாள். டி.பார்ம். படிக்கும்போது லத்தீன் சுருக்கங்களுக்கு ஒரு அட்டவணை உண்டு. பி.டி., டி.டி.எஸ்., எச்.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்று வரிசையாக மனப்பாடம் செய்தோம். 'தெர் தியே சுமெந்தும்' என்று விரித்துச் சொல்லவும் எனக்குத் தெரியும். ஆனால் அதில் எந்தச் சொல் மூன்று, எந்தச் சொல் நாள் என்று பிள்ளை கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ ஆயிரம் சீட்டில் படித்த எழுத்து அது. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அவள் படிக்கிற பள்ளியில் லத்தீன் கிடையாது. இணையத்தில் தேடி, வெளியூர் நிறுவனம் ஒன்றின் வகுப்புக்கு 14,000 ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம். நேரலையில் நடத்துவதாகச் சொன்னார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பதிவு செய்த வீடியோதான் வந்தது. நாலு மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்று பதில். பணம் போனது ஒரு பக்கம். 'அப்ளேட்டிவ் என்றால் பை, வித், ஃப்ரம், இன், ஆன்' என்று ஒரு லத்தீன் வேற்றுமையை அவள் தலையை ஆட்டி ஆட்டி உருப்போட்டதும், கடைசியில் "எனக்கு லாங்குவேஜ் வராதுப்பா" என்று நோட்டை மூடியதும்தான் எனக்கு ஆறவில்லை. வீட்டில் தமிழ் பேசுகிற, பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் நல்ல மார்க் வாங்குகிற பெண் அவள்.

சாந்தோமிலிருந்து மாத்திரை வாங்க வரும் ஒரு பாட்டி சொல்லித்தான் சாரைப் பற்றித் தெரிந்தது. வயது 71. இளம் வயதில் பாதிரியார் படிப்புக்கான குருமடத்தில் ஏழு வருஷம் இருந்தவர். குருப்பட்டம் வாங்காமல் வெளியே வந்து, தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லத்தீனும் தமிழ் இலக்கணமும் ஒரே ஆளிடம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று அவர் போர்டில் லத்தீன் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. "வேற்றுமை எத்தனை?" என்று கேட்டார். பிள்ளைகள் எட்டு என்றார்கள். "உருபைச் சொல்லுங்க." ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று கோரஸாக வந்தது. அதை மேலிருந்து கீழாக எழுதினார். முன்னால் எழுவாய், கடைசியில் விளி. பிறகு ஆல், இன், கண் மூன்றையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார். "ரோமாக்காரன் இந்த மூணு வீட்டையும் இடிச்சு ஒரே வீடா கட்டிட்டான் கண்ணுங்களா. எட்டுல ரெண்டு போச்சு, மிச்சம் ஆறு. லத்தீன் வேற்றுமை ஆறும் அதுதான். நீங்க அஞ்சாங்கிளாஸ்ல படிச்சதுல பாதி லத்தீன் இருக்கு."

பிறகுதான் லத்தீன் எழுதினார். 'க்ளாதியோ' என்றால் வாளால். 'ரோமா' என்று கடைசி எழுத்தை நீட்டினால் ரோமிலிருந்து. 'இன் ஹோர்த்தோ' என்றால் தோட்டத்தில். ஆல், இருந்து, இல். மூன்றும் ஒரே வேற்றுமை. அப்ளேட்டிவ் என்று 14,000 ரூபாய்க்கு எங்கள் வீட்டில் புரியாமல் போனது இதுதான். இது சாருடைய கற்பனை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மிகப் பழைய காலத்தில் தனித்தனியாக இருந்த மூன்று வேற்றுமைகள் லத்தீனில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்றுதான் மொழியியலாளர்களும் சொல்கிறார்கள். தமிழில் அவை இன்னும் தனித்தனியாக நிற்கின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு இது புது விஷயம் இல்லை, கையில் இருக்கிற சில்லறையை எண்ணிப் பார்ப்பது மாதிரி. ஆங்கிலத்தின் வழியாகப் போனால்தான் அது ஐந்து முன்னிடைச் சொல்லாகச் சிதறி மண்டையைக் குழப்புகிறது.

அன்று என் மகள் முகத்தைப் பார்த்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வகுப்பைப் பற்றி நான் சொல்ல வருவது முக்கியமாக இதுதான். இங்கே லத்தீன் தமிழ் வழியாக வருகிறது. 'புயெல்ல ரோசம் அமத்': சிறுமி ரோஜாவை நேசிக்கிறாள். சொல்லுக்குச் சொல் அதே வரிசை, வினை கடைசியில். 'அமத்' என்று மட்டும் சொன்னாலே நேசிக்கிறாள் என்பது முடிந்துவிடுகிறது. நாமும் வினைமுற்றிலேயே ஆளைச் சொல்லிவிடுகிறோம். 'ஏ', 'தி' என்று முன்னால் ஒட்டுகிற சொல் அவர்களுக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது. 'வெனித்' என்றால் வருகிறான். 'வெனித்னே' என்றால் வருகிறானா? கேள்விக்கு நாம் வாலில் 'ஆ' ஒட்டுவது போல அவர்கள் 'னே' ஒட்டுகிறார்கள். ரோம் அரசின் முத்திரையில் வரும் எஸ்.பி.கியூ.ஆர். என்ற நாலு எழுத்தில் அந்த 'கியூ' ஒட்டு உருபு, நம்முடைய 'உம்' மாதிரி. செனட்டும் ரோம மக்களும் என்று பொருள். 'ஊர்பே காப்தா' என்று இரண்டே சொல்லில் ஒரு தொடர் வரும். ஆங்கில விளக்கத்தில் அதற்கு முக்கால் பக்கம் எழுதியிருந்தார்கள். சார் "நகரம் பிடிபட்டதும்" என்று ஒரு தடவை சொன்னார், முடிந்தது.

எல்லாம் இப்படிச் சுலபமாகப் போய்விடும் என்று நினைத்து அனுப்பாதீர்கள். பால் ஒன்று இருக்கிறது. நமக்கு மேசை அஃறிணை, அதோடு சரி. லத்தீனில் மேசை பெண்பால், வாள் ஆண்பால், போர் இரண்டும் இல்லாத பால். இதற்குக் காரணம் கேட்க முடியாது, சொல்லோடு சேர்த்து மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். அதோடு முடிகிறதா என்றால் இல்லை. 'நல்ல' என்ற சொல்லை நாம் பையனுக்கும் பெண்ணுக்கும் சோற்றுக்கும் ஒரே மாதிரி போடுகிறோம். அங்கே அது ஒவ்வொன்றுக்கும் வாலை மாற்றிக்கொள்ளும். 'நவுத' என்றால் கப்பலோட்டி. பார்க்கப் பெண்பால் மாதிரி 'அ'வில் முடியும், ஆனால் ஆண்பால். என் மகள் இதில் மூன்று டெஸ்ட்டில் அடி வாங்கினாள். வினைச்சொல் பட்டியலும் அப்படித்தான். நாலு வகை, ஆறு காலம். சாயங்காலம் சமையலறையில் நின்று 'அமோ, அமாஸ், அமத், அமாமுஸ், அமாதிஸ், அமந்த்' என்று சொல்லிச் சொல்லி இப்போது என் மனைவிக்கே பாதி வரும்.

மனைவி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. டிசம்பரில் பீரோவை ஒழித்தபோது அவளுடைய பி.காம். சான்றிதழ் கையில் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகம். முத்திரைக்குள் பொடி எழுத்தில் லத்தீன் இருக்கிறது: 'தோக்த்ரீன விம் ப்ரோமோவெத் இன்சிதம்'. 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். எத்தனை லட்சம் வீட்டு பீரோவில் இந்த நாலு சொல் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மகள் சான்றிதழைத் தரையில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டாள். 'தோக்த்ரீன', கல்வி, எழுவாய். 'ப்ரோமோவெத்', முன்னே தள்ளுகிறது. எதை? 'விம்', ஆற்றலை. அப்படியானால் கடைசியில் தனியாக நிற்கும் 'இன்சிதம்' யாருடையது? "இது 'அம்'ல முடியுது, ரெண்டாம் வேற்றுமை, பெண்பால். விம்மும் ரெண்டாம் வேற்றுமை, பெண்பால். நடுவுல வினை வந்தாலும் இது ரெண்டும் ஒரே குடும்பம்மா" என்று அம்மாவுக்குச் சொன்னாள். உள்ளே ஊன்றியிருக்கிற ஆற்றலைக் கல்வி வளர்க்கிறது. அந்த வரி ஹொரேஸ் என்ற ரோமக் கவிஞருடைய பாட்டிலிருந்து எடுத்தது என்று சார் பிறகு சொன்னார். பெயரடையைப் பெயரிலிருந்து இவ்வளவு தூரம் பிரித்துப் போட தமிழில் நமக்கு வழியில்லை. வால் ஒத்துப்போவதால்தான் அவர்களுக்கு அந்தச் சுதந்திரம். மூன்று டெஸ்ட்டில் அடி வாங்கிய அதே விஷயம், வீட்டுச் சான்றிதழைத் திறக்கிற சாவியாக இருந்தது. அந்தக் காகிதம் இப்போது பீரோவில் இல்லை. ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டோம்.

கடைச் சீட்டுக்கும் பதில் கிடைத்தது. சார் ஒரு வகுப்பு முழுக்க அதற்கே ஒதுக்கினார், நான் பழைய சீட்டுகளை நோயாளி பெயரைக் கத்தரித்து எடுத்துப் போனேன். 'தெர்' மூன்று முறை, 'தியே' நாளில், 'சுமெந்தும்' எடுத்துக்கொள்ளப்பட வேண்டியது. எச்.எஸ். என்பது 'ஹோரா சொம்னி', தூக்கத்தின் வேளையில், ஆறாம் வேற்றுமை. எஸ்.ஓ.எஸ். என்று எழுதினால் ஏதோ ஆபத்து என்று பலர் பயப்படுகிறார்கள். அது 'சி ஓபுஸ் சித்', தேவை இருந்தால் என்று மட்டும்தான் அர்த்தம். சீட்டின் தலையில் டாக்டர் போடும் அந்த 'ஆர்.எக்ஸ்.' குறி 'ரெசிபே'. எடுத்துக்கொள் என்கிற ஏவல் வினை. அது நோயாளிக்குச் சொல்வது இல்லை, மருந்து கலக்குகிறவனுக்குச் சொல்வது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு சீட்டும் முதல் வார்த்தையை என்னிடம்தான் பேசியிருக்கிறது. இப்போது வயதானவர்களுக்குக் கவரில் எழுதும்போது சுருக்கத்தை அப்படியே எழுதுவதில்லை, தமிழில் முழுசாக எழுதித் தருகிறேன்.

மொழி மட்டும் இல்லை, ரோமாபுரி வாழ்க்கையும் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதற்கு. அதில் மிளகு வகுப்பு என்று பிள்ளைகள் சொல்கிற ஒன்று எனக்கு மறக்காது. சார் ஒரு காகிதப் பொட்டலத்தில் 330 கிராம் குறுமிளகு கட்டி மேசையில் வைத்தார். ரோமப் பவுண்டு ஏறக்குறைய அவ்வளவுதான். மூத்த பிளினி என்ற ரோம எழுத்தாளர் தன் 'இயற்கை வரலாறு' நூலில் விலை எழுதி வைத்திருக்கிறார்: ஒரு பவுண்டு கறுப்பு மிளகு 4 தினாரியஸ் (ரோம வெள்ளிக் காசு), வெள்ளை மிளகு 7, திப்பிலி 15. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஒரு படைவீரனின் வருஷச் சம்பளம் 225 தினாரியஸ். "இந்தப் பொட்டலத்துக்கு ஒரு சிப்பாய் எத்தனை நாள் வேலை செய்யணும்?" பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். ஆறரை நாள். பொட்டலம் கை மாறி மாறிப் போயிற்று. ஒரு பையன் அதை மூக்கில் வைத்து இழுத்துத் தும்மினான்.

காரத்தைத் தவிர இதில் என்ன இருக்கிறது, இதற்காகவா இந்தியா வரை போகிறோம் என்று பிளினி அலுத்துக்கொள்கிறார். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்றும் கணக்குச் சொல்கிறார். அதைச் சொல்லிவிட்டு சார் அகநானூற்றுக்கு வந்தார். "யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்". பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிற கப்பல், சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில். அங்கே பொன் போகிறது என்று ஒருவர் புலம்புகிறார், இங்கே பொன் வருகிறது என்று ஒருவர் பாடுகிறார். ஒரே வியாபாரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு மொழியில் இருக்கிறது, இரண்டையும் ஒரே மேசையில் படிக்க நம் பிள்ளைகளால் முடிகிறது. உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்கு இது கிடைக்கும்? கி.பி. 408-இல் ரோமை முற்றுகையிட்ட கோத் இன அரசன் அலாரிக், நகரத்தை விடுவதற்குக் கேட்ட பொருள்களில் 3,000 பவுண்டு மிளகும் இருந்தது என்று சொன்னபோது அந்தத் தும்மிய பையன் "ஒரு டன் வருது சார்" என்றான். கிட்டத்தட்டச் சரிதான்.

அடுத்த மாதம், எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோம நகரமான பாம்பெய். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, கப்பல்படையோடு போய் உயிர் விட்டவர் அதே பிளினி. மிளகு விலை எழுதிய மனிதர் என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருந்ததால், அவர் செத்தார் என்று கேட்டதும் அறை அமைதியாகிவிட்டது. பாம்பெய் வீடு ஒன்றின் இடிபாட்டில் 1938-இல் இந்தியத் தந்தத்தில் செதுக்கிய ஒரு பெண் சிலை கிடைத்தது. அதன் படத்தையும் காட்டினார்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாரிடம் இருக்கும் பழைய பாடப்புத்தகத்தில் ரோம வீட்டு அடிமைகள் சமையலறையில் சிரித்துக்கொண்டு வேலை செய்வார்கள். முன்பு சொன்ன இணைய வகுப்பில் 'செர்வுஸ்' என்ற சொல்லுக்கு வேலைக்காரன் என்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். சார் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "வேலைக்காரன் சாயங்காலம் வீட்டுக்குப் போவான். இவன் போக முடியாது. இவனை விக்கலாம், இவன் பிள்ளையையும் விக்கலாம். அடிமைன்னு எழுது" என்று போர்டில் பெரிதாக எழுதினார். அந்த அழகான வீட்டில் தானியம் அரைத்தது யார், தண்ணீர் சுமந்தது யார் என்று அரை மணி நேரம் பேசினார். பழம்பெருமை பேசுகிற வகுப்பாக இது ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அன்றோடு போய்விட்டது.

வருஷத்தில் மூன்று முறை வெளியே கூட்டிப் போகிறார். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முந்தின வாரம், தென்னிந்தியாவில் நிறையக் கிடைத்திருக்கிற, ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்து வெள்ளிக் காசின் படத்தை ஆளுக்கொன்று பெரிதாக ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். தலையைச் சுற்றி எழுத்து ஓடுகிறது, பாதி சுருக்கம். 'திவி' என்று ஒரு சொல், பிறகு 'ஆக்.', பிறகு ஒற்றை எழுத்து, 'எஃப்'. அது 'ஃபீலியுஸ்', மகன். யாருடைய மகன்? 'திவி' ஆறாம் வேற்றுமை. தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன் திபேரியஸ். கரூர் ஆற்று மணலிலும் கோவைப் பக்கத்து நிலத்திலும் இப்படிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. நம் ஊர் வியாபாரி ஒருவர் அதை நிறுத்துப் பார்த்து வாங்கியிருப்பார், அந்த 'உடைய' அவருக்கு வேண்டியிருக்காது. நாணயப் பிரிவில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று என் மகள் எழுத்தை விரலால் காற்றில் பின்தொடர்ந்தாள். அருங்காட்சியகத்துக்கு நானும் சின்ன வயதில் போயிருக்கிறேன், காசுப் பக்கம் நிற்காமல் நடந்திருக்கிறேன்.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம் இரண்டாவது. 1680-இல் அர்ச்சிக்கப்பட்டது. முற்றத்தில் தரையில் பதித்த கல்லறைக் கற்களில் லத்தீனும் இருக்கிறது. வெயிலுக்கு முன் போய்விட வேண்டும், கல் சுடும். மூன்றாவது மெரினா. வீரமாமுனிவர் சிலை. அவரும் பிறந்தது 1680-தான், இத்தாலியில். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பேச்சுத் தமிழுக்கு அவர் எழுதிய இலக்கணம் லத்தீனில் இருந்தது, 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது என்பதும், குறளின் அறத்தையும் பொருளையும் லத்தீனில் பெயர்த்தவர் அவர் என்பதும் எனக்குப் புதிது. சிலைக்குக் கீழே நின்று சார் சொன்னார்: "இவர் லத்தீன் வழியா தமிழுக்கு வந்தாரு. நாம தமிழ் வழியா லத்தீனுக்குப் போறோம். ரோடு ஒண்ணுதான்." ஆட்டோவில் திரும்பும்போது மகள் ஒன்றும் பேசவில்லை. சாந்தோம் வந்ததும், "அவருக்கு நம்ம ஐ, ஆல், கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும்பா" என்றாள்.

மார்ச்சில் ஒரே ஒரு நாள் ரோமக் கவிஞர் வெர்ஜிலுக்குப் போனார்கள். அவருடைய 'ஈனியட்' காவியத்தின் முதல் வரி மட்டும். 'அர்ம விரும்க்வெ கனோ த்ரோயே க்வீ ப்ரீமுஸ் அப் ஓரீஸ்'. சார் அதை யாப்பு வகுப்பு போலப் பிரித்தார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. சீருக்கு நாலு மாத்திரை, வரிக்கு ஆறு சீர். நமக்கு ஒற்றுக்கு அரை மாத்திரை. அவர்களுக்கு அசை ஒற்றில் முடிந்தாலே இரண்டு. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் மேசையில் தட்டித் தட்டி வரியைச் சொன்னார்கள். அடுத்த வருஷம் இதை முழுசாக எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

குறைகளையும் சொல்கிறேன்.

உச்சரிப்பு முதலாவது. சார் கத்தோலிக்கக் கோயில் உச்சரிப்பில் படித்தவர், அதையே சொல்லித்தருகிறார். 'வந்தேன், கண்டேன், வென்றேன்' என்ற சீசரின் வரியை 'வேனி வீதி வீச்சி' என்பார். பழைய ரோமில் பேசிய மாதிரி சொல்கிறவர்கள் 'வீக்கி' என்பார்கள். ரோமப் பேச்சாளர் சிசரோவுக்கும் அங்கே 'கிக்கெரோ' என்றுதான் உச்சரிப்பு. எழுத்துத் தேர்வில் இது பாதிக்காது. ஆனால் வெளியே ஆடியோ கேட்கும்போது என் மகள் முதலில் குழம்பிவிட்டாள். இரண்டு முறையும் உண்டு என்று ஆரம்பத்திலேயே ஒரு வகுப்பு எடுத்திருக்கலாம். சாரிடமே சொன்னேன், இந்த வருஷம் செய்வதாகச் சொன்னார்.

வேகம் கம்மி. ஒரு வருஷத்தில் மூன்று காலம்தான் முடிந்திருக்கிறது. பத்தாவது அளவிலான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வில் லத்தீன் எழுதப் போகிற பிள்ளைகள் இரண்டு பேர் வருகிறார்கள். அதில் மொழிக்கு ஒரு தாள், இலக்கியத்துக்கு ஒரு தாள். இலக்கியத் தாளுக்கு இந்த வகுப்பு போதாது, அவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். தேர்வு மார்க் மட்டும்தான் வேண்டும் என்றால் இது உங்களுக்கான இடம் இல்லை.

நீட்டுக்கு உதவுமா என்று கேட்கிறார்கள். அதற்காக அனுப்பாதீர்கள். 'மொரிங்கா ஒலெய்ஃபெரா' என்பதில் முதல் பாதி நம் முருங்கை, இரண்டாவது பாதி எண்ணெய் தாங்குவது என்று தெரிந்தால் பிள்ளை அந்தப் பெயரை மறக்காது, மாமரத்தின் 'மாங்கிஃபெரா'வும் அப்படித்தான், மாங்காய் தாங்குவது. தசைக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'மசில்', சுண்டெலி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதெல்லாம் சந்தோஷம். ஆனால் மருத்துவச் சொற்களில் பாதி கிரேக்கம். பி.பி. கூடினால் சொல்கிற 'ஹைபர்டென்ஷன்' என்ற சொல்லிலேயே முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன். மார்க்குக்கு நேராக வரும் என்று எதிர்பார்த்தால் பிள்ளையைத்தான் திட்டுவீர்கள்.

மற்றபடி: மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு ஃபேன். ஏப்ரலில் நாலு மணிக்குக் கொதிக்கிறது. ஆறு மணி ஆனால் கொசு. ஜெராக்ஸ் நோட்ஸ் பல இடங்களில் மங்கல், நெடிலுக்கு மேலே போடும் கோடு தெரியவே தெரியாது, அது தெரியாவிட்டால் 'ரோம' எது, 'ரோமா' எது என்று கண்டுபிடிக்க முடியாது. நான் இப்போது மாதம் ஒரு தடவை கடைக்குப் பக்கத்தில் நல்ல மெஷினில் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தனுப்புகிறேன். ஆறு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு ஆறே முக்காலுக்குத்தான் முடியும், கூட்டிவரப் போகிறவர்கள் அதற்குத் தகுந்த மாதிரி போங்கள். ஆன்லைனில் கேட்காதீர்கள், எடுக்க மாட்டார்.

மாதம் 1,200 ரூபாய், கையில்தான். கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளை ஒன்றிடம் அவர் வாங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளை ஏழாவதாவது முடித்திருக்க வேண்டும், தமிழ் இலக்கணத்தில் வேற்றுமையும் வினைமுற்றும் தெரிந்திருக்க வேண்டும். சேர்க்கும்போது அதைத்தான் சோதிப்பார். இங்கிலீஷில் ஒரு கேள்விகூட இருக்காது.

மே மாதம் சாருக்குக் கண்புரை ஆபரேஷன், வகுப்பு இல்லை. ஜூன் முதல் சனிக்கிழமை புது பேட்ச். எட்டுப் பேருக்கு மேல் எடுக்க மாட்டார், நான் போன வாரம் கேட்டபோது ஐந்து பேர் சேர்ந்திருந்தார்கள். கோடு போட்ட பெரிய நோட்டு இரண்டு, பென்சில், குடிக்கத் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள்.